கம்பியில் ஒரு கீறல்

அத்தான் யாரையும் நம்பமாட்டார். என் அக்காவைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. டீயில் சர்க்கரை போட்டாச்சு என்று அவள் சொன்னால், இன்னமும் கரண்டியை விட்டுக் கலக்கி, கரண்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குடிப்பார். கெட்ட மனுஷன் என்று சொல்ல வரவில்லை. பார்த்த வேலை அப்படி. முப்பத்தொரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டர். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், மீட்டர் கோலை நடுவில் அறுத்து ஒட்டியவன், படியின் அடியை உள்ளே தட்டி வைத்தவன் என்று தினமும் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பார். மார்க்கெட்டில் அவருக்கு வைத்த பேர் காக்கா. சொந்தத் தாய்மாமன் கடைத் தராசையே பூட்டி முத்திரை வைத்தவர்.

அவரிடம் ஒரு பழைய எஸ்யூவி இருக்கிறது. டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம், உட்காருவது இரண்டே பேர். வாங்கும்போதே அதற்கு வயது பத்து. அக்கா அதைச் சக்களத்தி என்பாள். அந்தச் சக்களத்திக்கு எட்டு வருஷமாகப் பணிவிடை செய்தது நான். எனக்குப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, ஒரு குழி, இரண்டு ஜாக்கி, சுவரில் ஸ்பேனர்கள். எட்டாங்கிளாஸில் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஜினைப் பிரித்தவன் நான். புத்தகம் பார்த்துப் படித்ததைவிடக் காது வைத்துப் படித்தது அதிகம்.

வேலையில் இருந்தவரை அத்தான் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார். ஓய்வு பெற்றதும் வினை ஆரம்பித்தது. ஊரில் இருக்கிற தராசையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு கண் என் பக்கம் திரும்பியது.

முதலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குழி ஓரமாக உட்கார்ந்தார். பிறகு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எங்கிருந்தோ நகல் எடுத்து, அட்டை போட்டுக் கொண்டுவந்தார். அப்புறம் ஒரு நாள் பழைய ஏர் பில்டரைக் கழற்றும்போது பார்க்கிறேன், அதன் விளிம்பில் கடுகளவு வெள்ளைப் பெயிண்ட்.

"இது என்ன அத்தான்?"

"அடையாளம்."

"எதுக்கு?"

"புதுசு போட்டேன்னு சொல்லிப் பழசையே தொடைச்சு மாட்டுறவன் உண்டு மச்சான். உன்னைச் சொல்லல."

என்னைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு தேடிப் பார்த்தேன். பெல்ட்டில் ஒரு புள்ளி, பேட்டரி மூடியில் ஒரு புள்ளி, நான்கு பிரேக் பேடிலும் நான்கு புள்ளி. வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் மூக்கிலயும் ஒண்ணு வச்சிருக்கப் போறாரு, கண்ணாடியைப் பாத்துக்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு சந்தேகம் இருந்தா நீங்களே பண்ணிக்கலாமே" என்றேன்.

சொன்னது தப்பு. அந்த மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார்.

அவர் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஏர் பில்டரில் ஆரம்பித்தார். நான்கு கிளிப். எனக்கு நாலு நிமிஷம், அவருக்கு ஒரு காலைப்பொழுது. கிளிப்பைத் திறப்பதற்கு முன்னால் படம் எடுத்தார், திறந்த பிறகும் எடுத்தார். டீசல் பில்டர் மாற்றிய அன்றைக்கு உள்ளே காற்று புகுந்து வண்டி கிளம்பவில்லை. நான் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் முடிவு கட்டி வைத்திருந்தார். அப்புறம் புத்தகத்தில் கைப்பம்பு பக்கத்தைப் படித்து, அறுபத்தெட்டு தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். எண்ணிக்கை அவர் சொன்னதுதான். முன் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பேட் மாற்றினார். வலது பக்கத்து உள் பேடை வெளியே மாட்டி, வெளி பேடை உள்ளே மாட்டி, கீச் கீச் என்று சத்தம் வர, பேட் விற்ற கடைக்காரன் போலிச் சரக்கு கொடுத்துவிட்டான் என்று சண்டைக்குப் போய்த் தலைகுனிந்து வந்தார். வந்ததும் தானே கழற்றிச் சரியாக மாட்டினார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தப்பை இரண்டாவது தடவை செய்யமாட்டார். கையில் கருப்பு ஏறியது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினார். நான் முப்பது வருஷமாகத் தோள்பட்டையால் இறுக்குகிறேன் என்றதும், தோள்பட்டையையே ஒரு மாதிரி பார்த்தார்.

ஆயில் மாற்றுவதை மட்டும் என்னிடமே விட்டிருந்தார். வீட்டு முற்றத்தில் பழைய ஆயிலைச் சிந்தினால் தொலைத்துவிடுவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் கடைசி ஆயில் சர்வீஸ் என் கையால் நடந்தது. பேரலிலிருந்து, லிட்டர் பிடிக்கும் என் தகரக் குவளையால் ஆறரைக் குவளை ஊற்றினேன். புத்தகக் கணக்கு ஆறரை லிட்டர். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விரல் மடக்கினார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பின்னால் அக்காவும். அக்கா பட்டறைக்கு வருபவள் அல்ல.

துணியைப் பிரித்தார். உள்ளே வண்டியின் ஆயில் பார்க்கும் கம்பி. இன்ஜினுக்குள் விட்டு எடுத்தால் ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுமே, அது. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு உண்டு. ஆயில் இரண்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

"நேத்து ஊத்தின ஆயில். இன்னிக்குக் காலையில சமதரையில நிறுத்தி, இன்ஜின் ஆறினப்புறம் பாத்தேன். கீழ்க்கோட்டைக்கூடத் தொடல."

"அது வந்து அத்தான்..."

"இரு, முடிக்கல. கீழ்க்கோட்டுக்கும் கீழ ஒரு விரல் தள்ளி இது என்ன?"

ஒரு கீறல். இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடால் போட்டது. நான் போட்டது.

நடந்தது இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வண்டியின் சொந்தக் கம்பி குழாய்க்குள் ஒடிந்துவிட்டது. புதுக்கம்பி கிடைக்க மாசக்கணக்காகும் என்றார்கள். பழைய இரும்புக் கடையில் அதே கம்பெனியின் வேறு இன்ஜினுடைய கம்பியை எடுத்து மாட்டினேன். குழாயில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் கொஞ்சம் குட்டை. குட்டைக் கம்பியின் கோடுகள் ஆயிலுக்கு மேலே போய் நிற்கும், அதைப் பார்த்து ஊற்றினால் ஆயில் மிஞ்சிவிடும். அதனால் இன்ஜினைச் சுத்தமாக வடித்து, சரியாக ஆறரைக் குவளை ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் எங்கே நின்றதோ அங்கே ஒரு கீறல் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கீறல்தான் மட்டம். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பார்ப்பது நான், ஊற்றுவது நான், யாருக்குச் சொல்ல?

இதையெல்லாம் சொன்னேன். பதறிப் பதறிச் சொன்னதால் என் காதுக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

"பழைய கம்பி எங்க?"

"ஏழு வருஷம் ஆச்சு. போட்டாச்சு."

"சாட்சி?"

"கம்பிக்கு யாராவது சாட்சி வைப்பாங்களா?"

"உன் குவளைக்கு யாரு முத்திரை போட்டது?"

"குவளைக்கு எதுக்கு முத்திரை? குவளை குவளைதான்."

அவர் கம்பியைத் திரும்பத் துணியில் சுற்றினார். குழந்தையைச் சுற்றுவது போல. "மச்சான், நான் முப்பத்தொரு வருஷம் பாத்தது இதைத்தான். அளவுகோல்ல தனியா ஒரு கீறல் இருந்தா, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். கீறலை அழிக்கமாட்டேன். அது இருக்கட்டும்."

அவர் சந்தேகம் எனக்குப் பழகிப்போன ஒன்று. மழை மாதிரி, நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கா அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்றது நெசந்தானே?" என்றாள்.

அந்தக் கேள்வி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நான் பொண்டாட்டி பிள்ளை இல்லாதவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அக்கா வீட்டில்தான். அந்த வீட்டில் என் செருப்புக்கு ஒரு இடம், என் தட்டுக்கு ஒரு இடம். ஆயில் திருடன் என்கிற பேரோடு அந்தத் தட்டில் எப்படிக் கை வைப்பது? அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

இடையில் அத்தான் என்ன செய்தார் என்றால், கடையில் சீல் வைத்த டப்பா ஆயில் வாங்கி, கம்பியின் மேல் கோடு நனையும்வரை ஊற்றினார். போனது ஒன்றே முக்கால் லிட்டர். "உன் தம்பி சாப்பிட்டது இவ்வளவு" என்று காலி டப்பாவை அக்காவிடம் காட்டினாராம். டயர் கடைக்காரர்தான் வந்து சொன்னார். இந்த மாதிரிச் செய்தியை அவர் சுமந்து வருவதில் ஒரு சுகம்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அத்தான், ஆயில் மிஞ்சினால் உள்ளே சுழலும் தண்டு ஆயிலை மோர் மாதிரி அடித்து நுரைக்கும், நுரை இன்ஜினின் மூச்சுக் குழாய் வழியாக ஏறி எரியும், வண்டி நாசமாகும் என்று. சொல்லவில்லை. வீம்பு. சொன்னாலும், கெடுப்பதற்குத்தான் சொல்கிறான் என்பார். அப்படிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

பத்து நாள் கழித்து அக்காவுக்குக் கண் பரிசோதனை. ஆஸ்பத்திரி மேட்டின் மேல் இருக்கிறது. காலை பத்து மணிக்கு டயர் கடைக்காரர் ஓடிவந்தார், நிஜமாகவே ஓடினார்.

"உங்க அத்தான் வண்டி மேட்டுல புகையுது. தீப்பிடிச்ச மாதிரி நீலப்புகை. ரோடே தெரியல."

"அக்கா?"

"இறங்கிட்டாங்க. பஸ் ஏறிப் போயிட்டாங்க. அவரு வண்டிய உடனே நிறுத்திட்டாரு. லாரில கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாங்க."

நான் குழியிலிருந்து ஏறினேன். சொல்லாமல் விட்டது நான்.

தைரியம் வந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. முற்றத்தில் பழைய போர்வை விரித்து, அதன்மேல் தட்டு வைத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கித் தாங்கி கொடுத்து, அத்தான் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் இருந்தாள். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாக்கட்டுமா அத்தான்?"

அடியிலிருந்து குரல் வந்தது. "நில்லு. பாரு. கை வைக்காத."

நின்றேன்.

போல்ட்டைத் திறந்து ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். சட்டைக் கையில் ஓடியது, அசையவில்லை. வெளியே வந்து உள்ளே போய் ஒரு சின்னப் பித்தளைக் குவளை கொண்டுவந்தார். எனக்குத் தெரியும் அது. ஆபீசில் கழித்துக்கட்டிய அளவு லிட்டர். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு கொடுத்தார்கள். அக்கா அதில் பூ வைக்கக் கேட்டதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

வடித்ததை அந்தப் பித்தளையால் அளந்து பழைய கேனில் ஊற்றினார். விளிம்பில் கண்ணை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீக்குச்சி எடுத்து வைத்து. எட்டுக் குச்சி. ஒன்பதாவதற்கு மிச்சமில்லை. எட்டு லிட்டர்.

புத்தகத்தைத் திறந்தார். ஆறரை. மூடினார். திரும்பத் திறந்தார், அச்சில் தப்பிருக்குமோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆறரைதான்.

"ஒண்ணே முக்கால் எடுத்தா ஆறே கால். புகைஞ்சதைச் சேத்தா ஆறரை" என்றாள் அக்கா, வாசலிலிருந்து. மருந்து விட்ட கண்ணோடு அவள் கணக்குப் போட்டதை நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை.

அத்தான் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். புதுப் பில்டர் மாட்டினார், போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு டார்க் ரெஞ்சால் இறுக்கினார், கிளிக் என்றது. மூச்சுக் குழாயையும் காற்றுக் குழாயையும் கழற்றி, உள்ளே தேங்கிய ஆயிலைத் துணி விட்டுத் துடைத்தார். நான் சொல்லாமலே செய்தார். நல்ல வேலைக்காரனாகிவிட்டார் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பிறகு ஜாக்கியை இறக்கி, பித்தளையால் ஆறரை லிட்டர் புது ஆயில் ஊற்றினார். அரை லிட்டருக்குத் தனியாக இன்னொரு பித்தளை. இன்ஜின் ஓடியது. கொஞ்ச நேரம் நீலமாக இருமி, பிறகு தெளிந்தது. நிறுத்தினார்.

ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிஷம் ஆகும். கீறலில் நின்றால் நான் மனுஷன். நிற்காவிட்டால் ஏழு வருஷத் திருடன். நான் போட்ட கீறல், நானே அளந்தது, ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கம்பியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் கிடையாகப் பிடித்தார். ஒரு கண்.

"வந்து பாரு."

பார்த்தேன். கீறலைத் தாண்டி ஆயில். ஒரு அரிசி நீளம் மேலே.

"உன் குறி தாழ்ந்திருக்கு" என்றார்.

"ஒரு அரிசி அத்தான். ஒரே ஒரு அரிசி."

"ஒரு அரிசியும் அளவுதான். குவளையைக் கொண்டா."

பட்டறைக்குப் போய்க் குவளையைக் கொண்டுவந்தேன். அதில் தண்ணீர் ஊற்றுவார் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் குவளையைத் தலைகீழாகத் திருப்பினார். அடியைப் பார்த்தார். அங்கே ஒரு குழிவு, உள்ளங்கை அளவு, உள்பக்கமாக எழும்பி.

பட்டறை வைத்த முதல் வருஷம் ஜாக்கித் தலையில் விழுந்த அடி அது. குவளை ஓட்டையாகவில்லை, அதனால் விட்டுவிட்டேன். அடி உள்ளே எழும்பினால் கொள்ளளவு குறையும் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. இந்த வேலையைச் சுத்தியலால் வேண்டுமென்றே செய்கிறவர்களைத்தான் இந்த மனுஷன் ஆயுசு முழுக்கப் பிடித்திருக்கிறார்.

"விழுந்தது அத்தான். சத்தியமா விழுந்தது."

"எல்லாருக்கும் விழுந்ததுதான்" என்றார்.

பித்தளை லிட்டரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி என் குவளையில் ஊற்றினார். அடியில் தட்டு. குவளை நிறைந்து, வழிந்தது. வழிந்ததை அக்காவின் இருமல் மருந்து மூடியால் அளந்தார். மூன்று மூடி. லிட்டருக்கு முப்பது மில்லி. ஆறரைக்குக் கிட்டத்தட்ட இருநூறு. ஒரு அரிசி.

நான் போர்வையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டறை வைத்துப் பத்தொன்பது வருஷம். எத்தனை இன்ஜின். எத்தனை பேர் என்னைப் பார்த்து, நீ ஊத்தினா சரியா இருக்கும் என்றிருக்கிறார்கள்.

அத்தான் தட்டிலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். ஆபீஸ் குரலில், ரிப்போர்ட் எழுதுகிற குரலில் சொன்னார்.

"குறை அளவு. உள்நோக்கம் இல்லை."

அக்கா கண்ணைத் துடைத்தாள். மருந்தா மற்றதா தெரியவில்லை. "அப்போ நீங்க ஊத்தின ஒண்ணே முக்கால்?"

காக்கா கழுத்து முதல் தடவையாக நேரானதைப் பார்த்தேன்.

"மிகை அளவு" என்றார். "அதிலயும் உள்நோக்கம் இல்லை."

"நானும் சொல்லாம விட்டேன் அத்தான். மிஞ்சினா புகையும்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். "அதுல உள்நோக்கம் இருக்கு" என்றார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

என் குவளையை அங்கேயே பறிமுதல் செய்தார். கம்பியை ஒரு மரத்துண்டின் மேல் வைத்து, ஆயில் நின்ற இடத்தில் கூர் உளியால் சின்னதாக ஒரு முத்திரைக் குறி அடித்தார். என் கீறலை அழிக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

"உள்ள வா. தட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. அன்றைக்கு ஞாயிறு இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அலமாரியில் அந்தப் பித்தளை லிட்டர் இருந்தது. சும்மா எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடி சமமாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் முத்திரை, அதன் கீழே வருஷம். நான் படிப்புக் குறைந்தவன், ஆனால் எண் தெரியும்.

"அத்தான், இதுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை புதுப்பிக்கணும்?"

அவர் வாயில் தண்ணீர் இருந்தது. விழுங்கினார். என் கையிலிருந்து அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். முத்திரை முடிந்து நான்கு வருஷம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றதை டயர் கடைக்காரர் பார்த்தார். கையில் துணியில் சுற்றிய ஒன்று. சாயங்காலம் நேராகப் பட்டறைக்கு வந்தார். கழுத்து பழையபடி சாய்ந்திருந்தது.

"சரியா இருக்கு" என்றார். "பழைய ஆபீஸ்லயே சோதிச்சுக் குடுத்தாங்க."

"அப்போ நிம்மதி."

"சோதிச்சவன் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன்" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்மேல மரியாதையில சரின்னு சொல்லிட்டானோன்னு, அவனுக்குத் தெரியாம பக்கத்து மேஜைக்காரன்கிட்டயும் குடுத்துப் பாத்தேன்."

இப்போது வண்டி வேலை முழுக்க அவரேதான் பார்க்கிறார், என் குழியில், என் ஸ்பேனரில். நான் ஆயில் ஊற்றுவது புதுக் குவளையால். தினமும் காலையில் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை முழுசாகத் தூக்குகிறேன். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்தால் கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கம்பியைக் காட்டுகிறேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அதற்கப்புறம் வருவதில்லை.

போன வாரம் என் சொந்த ஸ்கூட்டரின் ஏர் பில்டரைக் கழற்றினேன். விளிம்பில் கடுகளவு வெள்ளைப் பெயிண்ட்.